பதினேழாம் எண்ணின் தூசி

எனக்குத் தூசி ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேற்று நீங்கள் பழைய ஃபைல்களைப் பிரித்தபோதெல்லாம் நான் தும்மிக்கொண்டிருந்தேன். அதைப் பதற்றம் என்று எங்காவது குறித்து வைத்திருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். இன்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை.

வாக்குமூலத்தை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, எழுத்து பெரிதாக விழும், தாள் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். என் மனைவி வெளியே வராந்தா பெஞ்சில் வெந்நீர் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த அறைக் கதவு சரியாகச் சாத்திக்கொள்வதில்லை. வாயால் சொல்லாமல் எழுத்தில் தருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நான் மின்பொறியியல் பேராசிரியர். உடம்புக்குள் இருப்பதை மின்சாரமாக மாற்றும் சென்சார்கள், அந்த மின்சாரத்தைப் படிக்கும் சிப்புகள், இவைதான் என் பிழைப்பு. என் மனைவியின் தம்பி இதை ஒரே வரியில் சொல்லிவிடுவான்: "அத்தான் ரத்தத்துக்கு மீட்டர் மாட்டுறார்." பெரிய தப்பில்லை. சர்க்கரை நோயாளியின் கையில், தோலுக்கு அடியில், மயிரிழை மாதிரி ஒரு கம்பி. அதன் நுனியில் பூசியிருக்கும் பொருள் சர்க்கரையைத் தொட்டால் துளி மின்சாரம் கொடுக்கும். மிளகைவிடச் சிறிய சிப் ஒன்று அதை எண்ணாக மாற்றி, மணிக்கட்டில் கட்டிய திரைக்கு அனுப்பும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. எண் எழுபதுக்குக் கீழே இறங்கினால் கருவி கத்தும். கத்தினால் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போடாவிட்டால் ஐம்பதில் பேச்சு குழறும், நாற்பதில் நினைவு தப்பும்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. கருவி இருக்கும் கையின் மேல் யாராவது ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடத்தில் ரத்தம் சரியாக ஓடாது. உடம்பில் சர்க்கரை இருக்கும், கம்பிக்கு மட்டும் வந்து சேராது. எண் சரேலென்று விழும், கருவி கத்தும், ஆள் எழுந்து உட்கார்ந்து காரணமில்லாமல் சர்க்கரை தின்பார். இப்படி இரண்டு தடவை நடந்தால் கருவியைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். எத்தனையோ நல்ல கருவிகள் இப்படி இழுப்பறைக்குள் செத்திருக்கின்றன. ஆகவே நான் தீர்க்க நினைத்தது உண்மையான சிக்கல். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, வரிசையாக வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஃபைலில் அடிக்கடி வரும் 'தூசி' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள். அது நான் உண்டாக்கிய சொல். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவன் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தான். எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, ஒன்று மட்டும் எங்கோ கீழே கிடந்தது. பையன் முகம் வாடிப்போயிருந்தது. நான் அந்தப் புள்ளியை விரலால் தட்டிவிடுவது மாதிரி செய்து, "இது தூசிப்பா, தட்டிடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து லேபில் அது வழக்காகிவிட்டது. என் அறைக்குள் வருமுன் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், "தூசி தட்டியாச்சா?" புதிதாக வருபவர்களுக்கு நான் இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். புள்ளியை எடுத்தால் மட்டும் போதாது, இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டுவிட வேண்டும். தட்டின இடம் தெரியக் கூடாது.

இதையேதான் சிப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன். எண் சரேலென்று விழுந்தால் அது தூசி. நாற்பது நிமிடத்துக்குப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிரு. அதற்குள் கை மேல் படுத்தவர் புரண்டு படுத்துவிடுவார், எண் தானாக மேலே வந்துவிடும், கருவி கத்த வேண்டியதில்லை. மறுபடி விழுந்தால் மறுபடி நாற்பது நிமிடம். சிப்புக்குள் இந்த விதி ஊசிமுனை அளவு இடம்கூடப் பிடிக்காது. அதன் சின்னத்தனத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

சோதனைக்கு நாற்பது பேர் வந்தார்கள். பதினேழாம் எண் என் மச்சினன்.

அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பயிற்சியாளன். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்வதற்குத் தனக்குத்தான் சம்பளம் தருகிறார்களே, வீட்டிலும் இலவசமாக எதற்கு என்பான். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காள்தான் அவனை வளர்த்தாள். என் மனைவி எனக்கு வருமுன்பே அவனுக்குத் தாயாகிவிட்டாள் என்று சொல்லலாம். சோதனைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நான் சாப்பாட்டு மேஜையில் அலுத்துக்கொண்ட அன்றே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டான். அதன் பிறகு லேபுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று, "உங்க சோதனை எலி வந்திருக்கேன், கதவைத் திறங்க" என்பான்.

சோதனைக் காலத்தில் திரை இருட்டாகவே இருக்கும். கருவி அளக்கும், ஆளுக்குக் காட்டாது. விரலைக் குத்தி ரத்தத் துளியில் பார்த்த எண்ணை அவர்களே டைரியில் எழுதி வைக்க வேண்டும். அவனுக்குச் சர்க்கரை இறங்கினால் விரலைக் குத்தத் தேவையே இல்லை, அவன் அக்காள் இருந்தால் போதும். மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்க்கும். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. அவள் அடுக்களையிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தாமலேயே சர்க்கரைக் கரண்டியோடு வருவாள். அவனும் பேச்சை நிறுத்தாமலேயே வாயைத் திறப்பான். நான் இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அளவீடு என்ற கோணத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் ஆய்வு மாணவிகளில் ஒருத்திக்கு லேபில் 'கொசுறு' என்று பெயர். கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியைத் தள்ளி எழுந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வரும். "ஒரே ஒரு கேள்வி, சார்" என்பாள், கடையில் எல்லாம் கட்டி முடித்த பிறகு இன்னும் கொஞ்சம் போடச் சொல்வது மாதிரி. மற்றவர்கள் பல்லைக் கடிப்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை அவள் நம்பமாட்டாள்.

சிப்பின் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பப் பதினொரு நாள் இருந்தது. அனுப்பினால் அனுப்பியதுதான், சிலிக்கனில் செதுக்கியதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அந்தத் தேதியை விட்டால் தொழிற்சாலையில் அடுத்த இடம் ஏழு மாதம் கழித்துத்தான். வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே வேலையை இன்னொரு குழு செய்துகொண்டிருந்தது, நாலைந்து மாதம் பின்னால். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

அன்று காலை அவள் பழுப்பு அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றோடு வந்தாள். நேற்று உங்கள் மேஜையில் கிடந்த அதே நோட்டு. நாற்பது பேரிடமிருந்தும் நாங்கள் தட்டிய தூசியை எல்லாம் அவள் திரும்பப் பொறுக்கி அதில் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே நேரத்தில் யாராவது விரலைக் குத்திப் பார்த்திருந்தால் அந்த எண். அப்படி முப்பத்தொரு இடம் கிடைத்திருந்தது. பதினேழு இடத்தில் கருவி பொய் சொல்லியிருந்தது, கை மேல் படுத்ததுதான். மீதிப் பதினாலு இடத்தில் ரத்தத் துளியும் அதே எண்ணைத்தான் சொன்னது. சர்க்கரை நிஜமாகவே சரேலென்று விழுந்திருந்தது. அந்தப் பதினாலில் ஒன்பது, பதினேழாம் எண்ணுடையவை.

"இவர் படுக்கவே இல்ல, சார். அந்த நேரத்துல வண்டியில உட்கார்ந்து யாருக்கோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துட்டு இருந்திருக்கார். டைரியில எழுதியிருக்கார்."

அவள் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புரியாமல் செய்தேன் என்று என் வக்கீல் பின்னால் சொல்லக்கூடும், வக்கீல் வைத்தால்.

"பதினேழு நம்ம வீட்டு ஆள்மா. அவன் டைரி எழுதுற லட்சணம் எனக்குத் தெரியும். தூசி தட்டிட்டுக் கொண்டு வா."

"ஒரே ஒரு கேள்வி, சார். தூசின்னு எப்படித் தெரியும்?"

இருபது வருஷமாகப் பார்க்கிறவனுக்குத் தெரியாதா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நன்றாகத் தட்டியிருந்தாள். தட்டின இடம் தெரியவில்லை. சிப் குறித்த நாளில் தொழிற்சாலைக்குப் போனது.

முதல் தொகுதி வந்ததும் முதல் கருவியை மச்சினனுக்குத்தான் கட்டினேன். கட்டும்போது அந்த ஒன்பது புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தனவா என்று நேற்று கேட்டீர்கள். வந்தன. அடுத்த பதிப்பில் சரி செய்துவிடலாம் என்று இருந்தேன். தவிர, ஒன்பது தடவை விழுந்தும் அவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தேன். ஒன்பது தடவையும் அவனை நன்றாக வைத்தது எது என்று யோசிக்கவில்லை. திரை இருட்டாக இருந்ததால் அவனும் அவன் அக்காளும் முகத்தை நம்பினார்கள். இப்போது திரையில் வெளிச்சம் வந்துவிட்டது.

அவள் பழைய வழக்கப்படி கரண்டியோடு வந்த ஒரு நாள் நான் கேலி செய்தேன். உன் கண்ணுக்கு எத்தனை சதவீதம் துல்லியம், ஏதாவது பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறாயா என்று கேட்டேன். "முகத்தைப் பார்க்காதே. எண்ணைப் பார்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அவன் மட்டும், கண்ணாடியைப் பாருங்கள், ஆனாலும் ஒரு தடவை கழுத்தைத் திருப்பியும் பாருங்கள் என்றுதான் தன் பள்ளியில் சொல்லித்தருவதாகச் சொன்னான். அதற்கும் சிரித்தோம். அதன் பிறகு அவள் அடுக்களையிலிருந்து, "எவ்வளவு காட்டுது?" என்று கேட்கப் பழகிக்கொண்டாள். இவ்வளவு சீக்கிரம் பழகுவாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவோம், ஒரு மணிக்கு. அவன் வழக்கம்போலப் பன்னிரண்டே முக்காலுக்கே ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டான். நான் அலுவலகத்தில் கருவியை விற்பனைக்குக் கொண்டுவரப் போகிற கம்பெனிக்காரர்களோடு ஃபோனில் இருந்தேன். நடுவில் வீட்டுக்கு, "பத்து நிமிஷம், வந்துட்டேன்" என்று சொன்னேன். பத்து நிமிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. வெட்கம் ஒரு விசித்திரமான சரக்கு. வர வேண்டிய இடத்தில் வராது, சம்பந்தமில்லாத சின்ன இடத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். இத்தனையிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பத்து நிமிடம்தான் என்றால் உங்களுக்குக் கோபம் வரலாம்.

ஒன்றேகாலுக்கு அவன் அலுப்பாக இருக்கிறது என்று சோபாவில் சாய்ந்தான். அவள் தட்டுகளை எடுத்து வைத்தபடி பார்த்தாள். மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள். அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். நூற்றுப் பன்னிரண்டு. அவள் ஃபேனைக் கூட்டிவிட்டு, ஆறிப்போனதைச் சூடு பண்ணப் போனாள். அரை மணி கழித்து வந்து மறுபடி பார்த்தாள், அதே நூற்றுப் பன்னிரண்டு. தூங்கிவிட்டான் என்று நினைத்து அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தலைக்கு ஒரு குஷனை வைத்தாள். நான் இரண்டே காலுக்கு வந்தேன். சோபாவில் கிடந்தவனிடம் நான் முதலில் பார்த்ததும் எண்ணைத்தான். நூற்றுப் பன்னிரண்டு. மனம் நிம்மதியானது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பார்த்தபோது இருபத்திநாலு. அதன் பிறகு அவன் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டான்.

சிப், திரையில் காட்டாத எண்களையும் தனக்குள் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே, லேபைத் தாழிட்டுக்கொண்டு அதைப் படித்தேன். ஒன்று ஐந்துக்கு எண்பத்துமூன்று. ஒன்றேகாலுக்கு அறுபத்தொன்று. ஒன்று இருபத்தைந்துக்கு நாற்பத்தேழு. கடைசியில் ஆஸ்பத்திரி எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்கும் வித்தியாசம் வெறும் மூன்று. சென்சார் ஒரு இடத்திலும் தவறவில்லை. அது சரியாகப் பார்த்தது, சிப் அதை ஒவ்வொரு தடவையும் தூசி என்று தட்டியது, விழுந்துகொண்டே இருந்ததால் நாற்பது நிமிடம் புதிது புதிதாகத் தொடங்கிக்கொண்டே போனது. எழுதவே கூசுகிறது, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. பெருமை. இவ்வளவு துல்லியமாக உலகத்தில் யாரும் அளந்ததில்லை. இரண்டாவதாக வந்தது, இதை வெளியிட முடியாதே என்ற வருத்தம். மூன்றாவதாகத்தான் அவன் வந்தான்.

கருவியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். இன்று கொண்டுவந்திருக்கிறேன், உங்கள் வலது பக்கம் இருப்பது அதுதான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி கேட்டாள்.

"வேர்த்திருந்தது. நான் பார்த்தேன். நூத்திப் பன்னெண்டுன்னு காட்டுச்சு, அதான் விட்டுட்டேன். ஏங்க, மெஷின் தப்பாக் காட்டியிருக்குமா?"

"மெஷின் சரியாத்தான் காட்டியிருக்கு. நீ பார்த்த நேரத்துல அவ்வளவுதான் இருந்திருக்கும். ஊசி போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப் போச்சு, அதான். நீ மனசுல வச்சுக்காதே."

"நான்தானே தள்ளிப் போட்டேன். அவனுக்கு மட்டுமாவது போட்டிருக்கலாம்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் சொன்னதாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்குத் தட்டு வைத்துவிடுவாள். பசிக்கிறதோ இல்லையோ, விருந்தாளியானாலும் மீட்டர் கணக்கெடுக்க வந்தவரானாலும் கையில் எதையாவது கொடுத்து வாயில் போடும் வரைக்கும் எதிரில் நிற்பாள். நான் மதியம் நாற்காலியில் கண் அயர்ந்தால் வந்து தோளை உலுக்குவாள். விழித்துப் பார்த்தால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று போய்விடுவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை உலுக்குவாள், சில நாள் நாலு தடவை. நான் ஒரு நாளும் எரிச்சல்பட்டதில்லை. அதையாவது செய்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் கொசுறும் வந்தாள். எல்லோரும் போன பிறகு வாசலில் நின்றாள். "ஒரே ஒரு கேள்வி, சார். அந்த மெமரியைப் பார்த்தீங்களா?" என்றாள். அழிந்துவிட்டது என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த மாதம் வேறொரு இடத்துக்கு விண்ணப்பித்தபோது என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தாள். நல்ல கடிதம்தான் எழுதினேன், கடைசியில் ஒரே ஒரு வரியைத் தவிர: தேவையற்ற விவரங்களில் கவனம் சிதறும் இயல்பு உண்டு. அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறாள் என்று உங்கள் ஃபைலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் கேள்வி கேட்டால் கோபப்படமாட்டாள் என்று நினைக்கிறேன்.

கருவி அடுத்த வருஷம் விற்பனைக்கு வந்தது, அதே சிப்போடு. விதியை எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள், அதனால் எடுக்கவில்லை. அடுத்த பதிப்பிலும் எடுக்கவில்லை. அதற்கடுத்ததில், பொய் அலறல் இன்னும் குறைய வேண்டும் என்று கம்பெனி கேட்டதால், நாற்பது நிமிடத்தை ஐம்பது ஆக்கினேன். எனக்கு விருது கொடுத்த அன்று, இந்தக் கண்டுபிடிப்பைப் பதினேழாம் எண் தன்னார்வலரின் நினைவுக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று மேடையில் சொன்னேன். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

உங்கள் பட்டியலில், கருவியைக் கட்டியிருந்தபோது இறந்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் இந்த விதியால் என்று உங்கள் நிபுணர் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் சொல்கிறேன். ஏழு பேர். எனக்கு எப்படித் தெரியும் என்றால், புகார்கள் முதலில் கம்பெனியிலிருந்து என்னிடம்தான் வரும். ஒவ்வொன்றோடும் சிப்பின் மெமரி வரும். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் பயன்படுத்தியவர் கருவி இருந்த கையின் மேல் படுத்திருக்கக்கூடும் என்று பதில் எழுதினேன். மூன்றாவது கடிதம் ஒரு பஸ் டிரைவரைப் பற்றியது. அவர் உட்கார்ந்திருந்தார். அதற்கும் அதையே எழுதினேன்.

ஆறு வருஷம் பேசாதவன் இன்று ஏன் பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றும். நேற்று நீங்கள் காட்டிய கடிதம்தான். கருவி மேல் விசாரணை என்று கேள்விப்பட்டதும் என் மனைவி, என்னிடம்கூடச் சொல்லாமல், தானாக உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். தன் தம்பி விஷயத்தில் கருவி சரியாகத்தான் காட்டியது, சாப்பாட்டைத் தாமதமாகப் போட்டது தான்தான், வேர்வையைப் பார்த்தும் சர்க்கரை கொடுக்காதது தான்தான், எழுப்பாமல் விட்டது தான்தான், எந்தத் தண்டனையானாலும் தனக்குக் கொடுங்கள், தன் கணவரை விட்டுவிடுங்கள் என்று. அவள் கையெழுத்து எனக்குப் பழக்கம். வீட்டுச் சாமான் பட்டியலும் அதே மாதிரிதான் எழுதுவாள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. தன் குற்றங்களுக்கும் எண் போட்டிருந்தாள். மூன்று. அதைப் படித்தபோதுதான் நான் முதல் தடவை நிஜமாகத் தலை குனிந்தேன். நீங்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள்.

ஆகவே சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். விதி தவறு என்று எனக்குத் தெரியும். சிப் தொழிற்சாலைக்குப் போவதற்குப் பதினொரு நாள் முன்பே தெரியும். தெரிந்தே அனுப்பினேன், தெரிந்தே அவன் கையில் கட்டினேன், அவன் போன பிறகும் தெரிந்தே விற்கவிட்டேன். ஏழு பேரும் அவனும் சேர்த்து எட்டு. மாணவிக்கோ கம்பெனிக்கோ இதில் பங்கில்லை. என் மனைவிக்கு எதிலும் பங்கில்லை. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். தாள்களுக்கு எண் போட்டிருக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து மாணவியின் கடிதம் வரைக்கும் ஏழாம், எட்டாம் தாள்களில் அடங்கிவிட்டது. அவற்றையும் இந்தக் கடைசித் தாளையும் தனியாகப் பின் போட்டிருக்கிறேன். இவற்றையும் டப்பாவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதை ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்துக்கொள்கிற கடைசித் தாளின் அடியிலும் இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பட்டியலில் இருப்பவர்களே எனக்குப் போதும், என் தண்டனை ஒரு நாள்கூடக் குறையாது. எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். வாக்குமூலம் நாளைக்குப் பத்திரிகையில் வரும், அவள் படிப்பாள். ஆறு வருஷமாகத் தன் தப்போடு வாழப் பழகிக்கொண்டாள், வேளாவேளைக்குத் தட்டு வைக்கிறாள், தோளை உலுக்குகிறாள், ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. என் தப்போடு வாழ அவளுக்குத் தெரியாது. இந்த வயதில் அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

எழுதி முடித்து ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டேன். ஆறாம் தாள் முடிகிற இடமும் ஒன்பதாம் தாள் தொடங்குகிற இடமும் ஒழுங்காகச் சேர்கின்றன. தட்டின இடம் தெரியாது.